கெட்டிமேளத்துக்கு ஒரு ரிமோட்

லோகநாதன் தன் நெல் வயலில் கட்டிய கல்யாண மண்டபம் எவ்வளவு பெரியது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இன்றைக்கும் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வாசலில் செருப்பை விட்டுவிட்டு மணமேடைவரை நடந்துபோன ஒருவர், ஆசீர்வாதம் செய்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் கடைகளில் அந்தச் செருப்பு மாடலே நின்றுபோயிருந்தது.

வாஸ்து பார்த்தவர் சொன்னபடி மணமேடை ஒரு கோடியில், மேளக்காரர்கள் உட்காரும் மேடை மறுகோடியில், வாசலை ஒட்டி. கட்டும்போது இதில் ஒரு குறையும் தெரியவில்லை. தாலி கட்டும் நேரம் வந்ததும் ஐயர் கையைத் தூக்கிக் "கெட்டிமேளம்" என்பார், தவில்காரர் பார்ப்பார், வாசிப்பார். அவ்வளவுதானே.

தொண்ணூறுகளில் வீடியோக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். முகூர்த்த நேரத்தில் கேமராக்காரர் ஒருவர், விளக்குப் பிடிப்பவர் ஒருவர், விளக்குக்குக் குடை பிடிப்பவர் ஒருவர், அவர்களுக்குப் பின்னால் வயரைத் தூக்கிப் பிடிப்பவர் ஒருவர் என்று மேடைக்கு முன்னால் ஒரு மதில் எழும்பியது. ஐயரின் கை அதற்குப் பின்னால் போய்விட்டது. மைக் வைத்துப் பார்த்தார்கள். ஐயருக்கும் வீடியோக்காரருக்கும் நடந்த வாக்குவாதம் முழுவதும் சேலையூருக்கே கேட்டதால் அதை எடுத்துவிட்டார்கள்.

தொண்ணூற்று மூன்று ஆவணியில் ஒரு கல்யாணத்தில் தாலி ஏறிய நொடியில் மேளம் வரவில்லை. சமையல்கட்டில் யாரோ மிளகாயைத் தாளித்தார்கள். முன்வரிசையில் ஒரு பெரிய மனிதர் தும்மினார். தாலி ஏறும்போது தும்மலோ அழுகையோ கெட்ட வார்த்தையோ யார் காதிலும் விழக்கூடாது என்பதற்குத்தான் கெட்டிமேளமே. தும்மல் தெளிவாக விழுந்தது. அதற்கப்புறம் மண்டபத்துக்கு வருகிறவர்கள் வாடகையைக் கேட்பதற்கு முன்னால் மேளம் கேட்குமா என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

மேற்குத் தாம்பரத்தில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. ரேடியோ பழுது பார்ப்பேன். வீட்டுக்குள்ளிருந்தபடியே கிணற்று மோட்டாரை நிறுத்த வயர்லெஸ் பெட்டி செய்து கொடுப்பேன். லோகநாதன் அங்கே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சார், நம்ம பொண்ணு சாமுண்டீஸ்வரிக்குத் தை மாசம் கல்யாணம்."

"கேள்விப்பட்டேன். சந்தோஷம்."

"இன்னா சந்தோஷம். சம்பந்தி ஊரப்பாக்கம் பொன்னுரங்கம். சகுனம்னா உயிர வுட்டுடுவாரு. பல்லி கத்திச்சுன்னு ஒரு எடத்த வேணாம்னாரு. பொண்ணு வூட்டுப் பசு திரும்பிப் படுத்துச்சுன்னு இன்னொரு எடத்த வேணாம்னாரு. இப்ப இன்னா சொல்றாரு தெரியுமா? தாலி கட்டசொல்லோ மேளம் ஒரு நொடி தப்பிச்சுனாலும் புள்ளையக் கையப் புடிச்சு இட்டுகினு பூடுவேன்றாரு."

"அப்ப வேற மண்டபத்துல வெச்சுடுங்களேன்."

"சொந்த மண்டபத்த வெச்சுகினு வாடகை மண்டபத்துல பொண்ணக் கட்டிக் குடுத்தா ஊர்ல காறித் துப்புவான் சார்."

"வயர் இழுத்து ஒரு பெல்?"

"இழுத்தேன். சாப்பாட்டுக் கூடத்துக் குறுக்கால. மொதப் பந்தி எந்திரிக்கும்போது ஒரு பெரியவரு கால்ல மாட்டிச்சு. அவரோட நாலு பாயாச வாளியும் பூடுச்சு."

ஆக, வயர்லெஸ். மேடையில் ஒரு பொத்தான். அமுக்கினால் தவில்காரர் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியவேண்டும். டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் நாமே உட்கார்ந்து கம்பிச்சுருள் சுற்றிச் செய்யவேண்டிய காலம் போய்விட்டது. தபால்தலை அளவில், தீப்பெட்டி அளவில், மாட்யூல் என்று குட்டிச் சர்க்யூட் பலகையாகத் தயாராகவே கிடைத்தது. எந்த மாட்யூலை எடுப்பது என்பதில்தான் சாமர்த்தியம்.

"பவர ஜாஸ்தியாப் போட்டுடு சார். பேஜாரு இல்லாம பூடும்."

"போட்டா சேலையூர்ல எல்லா டிவியும் புள்ளி புள்ளியாப் போயிடும். அப்புறம் சர்க்கார் ஜீப்பு வரும். மண்டபத்தத் தாண்டணும், காம்பவுண்டத் தாண்டக் கூடாது. அந்த அளவு பவர் போதும்."

சாமுண்டீஸ்வரி பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவள். கல்யாணம் தன்னுடையது என்பதால் மாட்யூல் தேர்வில் தனக்கும் ஒரு ஓட்டு உண்டு என்று பட்டறைக்கு வந்துவிட்டாள். ரிச்சி தெருவிலிருந்து நான் வாங்கிவந்த முதல் ஜோடியின் விவரத் தாளைப் படித்தாள்.

"திறந்தவெளியில நூறு மீட்டர்னு போட்டிருக்கான் அங்கிள்."

"வயலா இருந்தப்பவே வாங்கியிருக்கணும்" என்றார் லோகநாதன்.

அந்த முதல் ஜோடி தைவான் சரக்கு, மலிவு. காலி மண்டபத்தில் கோடிக்குக் கோடி பிரமாதமாக வேலை செய்தது. அதன் குறை என்னவென்றால் அதற்குக் காது மட்டும்தான் உண்டு, யார் பேசினாலும் கேட்கும். அடுத்த முகூர்த்தத்தில் யாரோ ஒருவர் கல்யாணத்தில் அதை வைத்துப் பார்த்தோம். சமையல்காரர் கேஸ் அடுப்பைப் பற்றவைக்க லைட்டரை 'டிக்' என்று அமுக்கினார். அந்தப் பொறி ரேடியோ அலையாகக் கிளம்பி வந்து ரிசீவரின் காதில் விழுந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. தவில் வித்வான் வேதாசலம் வெளுத்து வாங்கினார். மாப்பிள்ளை அப்போது முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். கெட்டிமேளம் கேட்டதும் ஜனங்கள் பழக்கதோஷத்தில் எழுந்து அட்சதையை வீசினார்கள். மேடையில் ஏணிமேல் நின்று சீரியல் பல்பு மாட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன்மேல் அத்தனையும் விழுந்தது. அந்த வருஷமே அவனுக்குக் கல்யாணமாகிவிட்டது. அதற்கு மாட்யூலைப் பொறுப்பாக்க நான் தயாராக இல்லை.

அதோடு போயிற்றா என்றால் இல்லை. கேம்ப் ரோட்டில் ஸ்கூட்டர் உதைத்தாலும் எரிந்தது. டியூப்லைட் கண்சிமிட்டினாலும் எரிந்தது. தாம்பரத்தில் மின்சார ரயில் கிளம்பும்போது மேலே கம்பியில் பொறி பறக்குமே, அதற்கும் எரிந்தது. மண்டபத்து வாட்ச்மேன் கொஞ்ச நாள் அந்த விளக்கைப் பார்த்துத்தான் ரயிலுக்குக் கிளம்பினார். ஸ்டேஷன் கடிகாரத்தைவிட அது நம்பகமானது என்பது அவர் கட்சி.

வேதாசலத்துக்குத்தான் கோபம்.

"சார், தப்பா எரிஞ்சது உங்க லைட்டு. தப்பா அடிச்சது வேதாசலம்னு செங்கல்பட்டு வரைக்கும் பேச்சு. இனிமே ஒண்ணு சொல்றேன் கேட்டுக்குங்க. தப்பா எரியாத லைட்டாக் கொண்டாங்க. அது எரிஞ்சா அடிக்கிறேன். எரியலைன்னா மாப்பிள்ளையே வந்து கால்ல விழுந்தாலும் குச்சியத் தொடமாட்டேன்."

நியாயம்தான். இரண்டாவது ஜோடி கார் அலாரத்துக்காகச் செய்யப்பட்டது. இதில் இரண்டு பக்கமும் எட்டுக் குட்டி சுவிட்சுகள் உண்டு. இரண்டிலும் ஒரே மாதிரி வைத்தால் அதுதான் இரண்டுக்கும் நடுவிலான ரகசிய அடையாளம். அந்த அடையாளத்தோடு வரும் பேச்சை மட்டும்தான் ரிசீவர் மதிக்கும். அதையும் இரண்டு முறை கேட்டால்தான் நம்பும். லைட்டர், ஸ்கூட்டர், ரயில் எல்லாம் வாயடைத்துப்போயின. வாட்ச்மேன் ரயிலைத் தவறவிட்டார்.

காலி மண்டபத்தில் இதுவும் பிரமாதம். கல்யாணக் கூட்டத்தில் வைத்தபோது பாதி நேரம் விளக்கு எரியவில்லை. நல்லவேளை, அன்றைக்கு விளக்கை நம்பி மேளம் இல்லை. சோதனைக்கு மட்டும் வைத்திருந்தோம். பட்டறையில் உட்கார்ந்து நானும் சாமுண்டீஸ்வரியும் யோசித்தோம்.

"காலியா இருக்கும்போது எரியுது. ஆள் நிறைஞ்சா எரியல. ஆள் உடம்பு சிக்னலைக் கொஞ்சம் குடிக்கும் அங்கிள், அது சரி. ஆனா இவ்வளவா?"

"உடம்பு மட்டுமா உள்ள வருது? மேல என்ன கட்டிகிட்டு வராங்க?"

அவள் தன் புடவையைப் பார்த்தாள். ஜரிகை. வெள்ளிக் கம்பிமேல் தங்கம் பூசியது. அப்படி ஐந்நூறு புடவைகள் மேடைக்கும் மேளத்துக்கும் நடுவில் உட்கார்ந்தால் அது கம்பிவலைச் சுவர்தானே.

ஆகவே பட்டுப்புடவைச் சோதனை. இதை எந்த விவரத் தாளிலும் பார்க்கமுடியாது. லோகநாதன் ஊரில் ஆள்விட்டுச் சொல்லியனுப்பினார்: புதன்கிழமை மதியம் மண்டபத்தில் வடை பாயாசத்தோடு சாப்பாடு, பெண்கள் எல்லோரும் கல்யாணப் பட்டு கட்டிவர வேண்டும். விசேஷம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. மண்டபம் நிறைந்தது. சாமுண்டீஸ்வரி மேடையில் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி நின்றாள், நான் விளக்கோடு மறுகோடியில்.

வரிசை வரிசையாக நகர்த்தி உட்காரவைத்துப் பார்த்ததில் வேறொரு சங்கடம் வந்தது. சில பேர் குறுக்கே நின்றால் விளக்கு அணைந்தது. சில பேர் நின்றால் அணையவே இல்லை. அணையாதவர்கள் கட்டியிருந்தது டூப்ளிகேட் ஜரிகை என்று யாரோ ஒரு பெண் கண்டுபிடித்துச் சத்தமாகச் சொல்லிவிட்டாள். பத்து நிமிஷத்தில் என் ரிசீவருக்கு முன்னால் க்யூ. ஒருத்தி தன் தம்பி பெண்டாட்டியை இழுத்துவந்து நிறுத்தினாள்.

"இவ கட்டிகினு கீறது என் தம்பி வாங்கிக் குடுத்தது. ஒரிஜினலான்னு பாரு சார்."

விளக்கு ஜோராக எரிந்துகொண்டிருந்தது. நான் பேட்டரி சரியில்லை என்றேன். அன்று சேலையூரில் ஒரு குடும்பத்தை நான் காப்பாற்றியதாகவே நினைக்கிறேன்.

சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. இந்த இரண்டாவது ஜோடியின் அலைவரிசையை ஒரு கம்பிச்சுருள்தான் பிடித்து வைத்திருந்தது. ஹோமம் வளர்த்ததும் சூட்டில் சுருள் தளர்ந்து அலைவரிசை நகர்ந்துவிடும். ஏற்கெனவே ஜரிகையில் இளைத்துவந்த சிக்னல், நகர்ந்துபோன காதில் எப்படி விழும்? இதை வேதாசலத்துக்குச் சொன்னேன்.

"வெயில் ஏறினா நாயனத்துல சுருதி நகருது. அந்த மாதிரியா?"

"அதேதான்."

"அப்ப நகராத சுருதியாப் போடுங்க. கேக்குறவன் காது கொஞ்சம் மந்தமா இருந்தாக்கூடப் புடிச்சுக்குவான்."

மூன்றாவது ஜோடி பெங்களூரிலிருந்து வரவழைத்தது. விலையைக் கேட்டு லோகநாதன் தண்ணீர் வாங்கிக் குடித்தார். இதில் அலைவரிசையைப் பிடித்து வைத்திருப்பது குவார்ட்ஸ் கல். ஹோமத்தைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தாலும் நகராது. ரகசிய அடையாளமும் உண்டு. ஜரிகை, உடம்பு, சூடு மூன்றையும் தாண்டி வந்தது. மார்கழியில் ஊர்ப் பெண்களுக்கு இன்னொரு சாப்பாடு போட்டுச் சோதித்தோம்; ஒரு தடவையும் தவறவில்லை. வேதாசலம் தலையை ஆட்டினார். கதை இங்கே முடிந்திருக்கவேண்டும்.

பொத்தானை ஐயர் வாங்கிக்கொள்ளவில்லை. கையெல்லாம் நெய்யும் மஞ்சளும், ஷாக் அடித்தால் மந்திரம் மறந்துவிடும் என்றார். ஒன்பது வோல்ட் பேட்டரி என்று சொல்லியும் ஒப்பவில்லை. அதனால் பெண்ணின் தாய்மாமன் தனக்கோடியிடம் கொடுத்தார்கள். தாய்மாமன் மரியாதையில் இதுவும் ஒன்று என்று அவர் பெட்டியைத் தாம்பாளத்தில் வைத்து வாங்கிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பொன்னுரங்கம் வந்தார். பெட்டியைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"பொண்ணு வூட்டு மாமன் அமுக்கி என் புள்ள தாலி கட்டறதா? எங்க பக்கம் மாமன் இல்லியா? கேசவன் இன்னா செத்தா பூட்டான்?"

கேசவன் பக்கத்தில் உயிரோடு நின்றிருந்தார், மாப்பிள்ளையின் தாய்மாமன். லோகநாதன் என்னைப் பார்த்தார். பெங்களூரிலிருந்து உபரியாக ஒரு டிரான்ஸ்மிட்டர் வந்திருந்தது. அதையும் அதே அடையாளத்தில் வைத்து இன்னொரு பெட்டி செய்து எடுத்துவந்தேன். கொடுக்கும்போது இரண்டு மாமன்களையும் எதிரில் நிறுத்திச் சொன்னேன்.

"நல்லாக் கேட்டுக்குங்க. யாராவது ஒருத்தர் அமுக்கினாப் போதும். ரெண்டு பேரும் சேர்ந்து அமுக்கினா ரெண்டு பேச்சும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் குழம்பிடும். ரிசீவர் ரெண்டையுமே நம்பாது. விளக்கு எரியாது."

"அவரே அமுக்கட்டும் சார். நான் மரியாதைக்கு வெச்சிருக்கேன்" என்றார் தனக்கோடி.

"சேச்சே, அவரே அமுக்கட்டும். நான் சும்மா கையில" என்றார் கேசவன்.

இப்படிப் பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். ஒரு பெட்டியில் பேட்டரியைக் கழற்றிவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் இருவரும் தனித்தனியாக அமுக்கி விளக்கு எரிவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வாங்கினார்கள். வாங்கியதும் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்கள். அதற்கப்புறம் குளிக்கும்போதுகூட அவை வெளியே வரவில்லை என்று கேள்வி.

மறுநாள் காலை முகூர்த்தம். நான் வேதாசலத்தின் பக்கத்தில் விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேரம் நெருங்கியது. வீடியோ மதில் எழும்பியது. அதற்குமேல் ஜனங்களும் அட்சதையோடு எழுந்து நின்றார்கள். எங்களுக்கு முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன. நாயனம் நின்றது. வேதாசலம் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விளக்கையே பார்த்தார்.

விளக்கு எரியவில்லை.

முதுகுகளில் ஒரு அசைவு. முன்பக்கம் யாரோ "மேளம், மேளம்" என்றார்கள். நான் தவில் பக்கம் குனிந்தேன்.

"வேதாசலம், அடிச்சிடுங்க."

"லைட்டு எரியட்டும் சார்."

"நான் சொல்றேன்ல."

"அன்னிக்கும் நீங்கதான் சொன்னீங்க."

விளக்கு எரிந்தது.

அவர் அடித்தார் பாருங்கள். கூரையில் இருந்த புறாக்கள் மகாபலிபுரம் பக்கம் போய்விட்டன. அட்சதை பறந்தது. தாலி ஏறிவிட்டது. முதுகுகள் எல்லாம் உட்கார்ந்தபோது பொன்னுரங்கம் மேடையில் ஒரு காலை முன்னால் வைத்து நின்றிருந்தார். எழுந்து போகத்தான் வைத்தார் என்று லோகநாதன் சொல்கிறார். அட்சதை போட எழுந்தேன் என்று அவர் சொல்கிறார். எழுந்தது உண்மை.

என்ன நடந்தது என்று பந்தியில்தான் தெரிந்தது. சாமுண்டீஸ்வரி மாப்பிள்ளையோடு இலை இலையாக விசாரித்துக்கொண்டு வந்தாள். என் இலைக்கு முன்னால் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"ரெண்டு பேரும் அமுக்கிட்டாங்க அங்கிள்."

"தெரியும்."

"மேளம் வரல. வரலைன்னதும் இன்னும் அழுத்தி அமுக்குறாங்க. கட்டைவிரல் ரெண்டும் வெளுத்துப் போச்சு. இவர் தாலியக் கழுத்துகிட்ட வெச்சுகிட்டு நிக்கிறார். மாமனார் எந்திரிக்கிறார். யாரையாவது ஒருத்தரை விடவைக்கணும்."

"என்ன பண்ணின?"

"தனக்கோடி மாமா பக்கத்துலயே உக்காந்திருந்தார். தொடையில கிள்ளிட்டேன்."

"கேசவனும் பக்கத்துலதானே இருந்திருப்பார்?"

"மாப்பிள்ளை வீட்டு மாமாவைக் கிள்ளினா தப்பா நினைக்கமாட்டாங்களா? தனக்கோடி மாமா நம்மவர்தானே."

மாப்பிள்ளை எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் காது சிவந்திருந்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. கிள்ளியதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

வீடியோ கேசட் வந்ததும் நானும் பார்த்தேன். தாலி ஏறுகிறது. பின்னால் தனக்கோடி வாயை ஆவென்று திறக்கிறார், கண் பிதுங்குகிறது. சத்தம் ஒன்றும் இல்லை, மேளம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. வாழ்த்துச் சொன்னேன் என்பது அவர் வாதம்.

அன்றைக்கே சாப்பாடு முடிந்து கை கழுவுமிடத்தில் என்னைத் தனியாக ஓரங்கட்டினார். ஒரு கை தொடையைத் தடவிக்கொண்டிருந்தது.

"சார், உண்மையச் சொல்லு. லைட்டு நான் அமுக்கினதுலதான எரிஞ்சுது?"

"பின்ன வேற யாருது?"

அவர் போனதும் வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் கேசவன் காத்திருந்தார்.

"அவரு பொட்டி வேல செய்யலன்னு கேள்விப்பட்டேன் சார். என்னுதுதான் எரிஞ்சுதாமே."

"உங்க விரல் பட்டதும் எரிஞ்சுது. நான் பக்கத்துல இருந்து பாத்தேன்."

பெட்டிகளைத் திருப்பிக் கேட்டேன். இருவரும் கொடுக்கவில்லை. மண்டபத்துக்கு லோகநாதன் புதிதாக இன்னொன்று செய்து வாங்கிக்கொண்டார். அதற்கு ஒரே பொத்தான்தான், மாமன்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டுக்கொள்ளவேண்டும் என்று எழுதி ஒட்டிவிட்டார்.

கேசவன் தன் பெட்டியை ஊரப்பாக்கத்துக்கு எடுத்துப்போனார். வீட்டில் காதுகுத்து, கிரகப்பிரவேசம், வளைகாப்பு எதுவானாலும் நல்ல நேரம் பார்த்து அதை ஒரு தடவை அமுக்குவார். அங்கே ரிசீவரும் கிடையாது, விளக்கும் கிடையாது, பேட்டரியும் எப்போதோ தீர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை என்று அவர் சொல்கிறார். சாமுண்டீஸ்வரி ஒவ்வொரு தடவையும் பக்கத்திலேயே நின்று, மாமா அமுக்கிட்டார், ஆரம்பிக்கலாம் என்கிறாளாம்.